காலையில் முதல் ஐந்தாறு கிலோமீட்டர் மேல் கியர் விழவே மாட்டேன் என்கிறது, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போய்விட்டதா?

ஆறாம்கியர்:

வணக்கம். ஒரு மாதமாக மண்டையைக் குடைகிற விஷயம், யாராவது இதைப் பார்த்திருந்தால் சொல்லுங்கள். என்னுடையது பெட்ரோல் கார், ஆறு கியர் ஆட்டோமேட்டிக், டார்க் கன்வெர்ட்டர் வகை, 1,10,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் எடுத்தால் முதல் ஐந்தாறு கிலோமீட்டருக்கு நான்காவது கியரைத் தாண்டுவதில்லை. 60 கி.மீ. வேகத்தில் வழக்கமாக 1,500-ஐ ஒட்டி நிற்கும் ஆர்.பி.எம். முள் காலையில் 2,200-இல் நின்றுகொண்டு இறங்க மறுக்கிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துப் பார்த்தாலும் அதே கதைதான்.

வாங்கிய நாளிலிருந்தே காலையில் கொஞ்ச தூரம் இப்படி இருக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் முன்பெல்லாம் இரண்டு கிலோமீட்டருக்குள் சரியாகிவிடும். இப்போது அலுவலகம் போகும் எட்டு கிலோமீட்டரில் பாதிக்கு மேல் எஞ்சின் கத்திக்கொண்டேதான் போகிறேன். மைலேஜும் குறைந்திருக்கிறது.

இன்னொன்று: ஸ்டார்ட் செய்தவுடன் ரிவர்ஸ் போட்டால் ஒன்றரை நொடிக்கு ஒன்றும் நடக்காது, அப்புறம் 'டொக்' என்று முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு நகரும். மதியம் நடுவில் எடுத்தால் இது எதுவுமே இல்லை, வழுக்கிக்கொண்டு போகிறது.

வழக்கமாக விடும் ஒர்க்‌ஷாப்பில் சொன்னேன். சூடாக இருந்த வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு "உள்ளே கிளட்ச் தேய்ந்திருக்கும், இறக்கிப் பிரித்துப் பார்த்துவிடலாம்" என்கிறார்கள். பயமாக இருக்கிறது. பிரிக்கலாமா?

எண்ணெய்க்கை:

தம்பி, முதலில் யாரையும் அதில் ஸ்பேனர் வைக்க விடாதீர்கள். கிளட்ச் தேய்ந்த பெட்டி காலையில் ஒழுங்காகவும் சூடேறியபின் மோசமாகவும் நடப்பதுதான் அதிகம், உங்களுடையது தலைகீழாக இருக்கிறது. சூட்டில் ஆயில் இளகி, தேய்ந்த இடங்கள் வழியாகப் பிரஷர் கசிந்துபோகும், அப்போதுதான் கிளட்ச் வழுக்கும். வழுக்கினால் முள் ஏறும், வண்டி வேகம் ஏறாது. உங்கள் முள் 2,200-இல் அசையாமல் நிற்கிறது என்றீர்களே, அது வழுக்கல் இல்லை, வண்டி நிஜமாகவே நான்காவது கியரில் இருக்கிறது. யாரோ அதை ஐந்துக்குப் போகாதே என்று பிடித்துவைத்திருக்கிறார்கள். அந்த யாரோ கம்ப்யூட்டர்தான்.

எஞ்சின் சூடேறாதபோது கம்ப்யூட்டர் வேண்டுமென்றே மேல் கியரைத் தள்ளிப்போடும். சைலன்சர் பாதையில் இருக்கும் கேடலிட்டிக் கன்வெர்ட்டர் 250 – 300 டிகிரிக்கு மேல் போனால்தான் வேலை செய்ய ஆரம்பிக்கும். அதுவரை வெளியே போவதெல்லாம் சுத்தமில்லாத புகை. அதைச் சீக்கிரம் சூடாக்க வேண்டுமென்றால் எஞ்சினிலிருந்து நிறைய சூடான புகை போக வேண்டும், அதற்கு ஆர்.பி.எம். அதிகமாக இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்தவுடன் ஐட்லிங் 1,300, 1,400 என்று நிற்பதும் இதற்காகத்தான், தீப்பொறியைக் கொஞ்சம் தாமதமாக விடுவதும் இதற்காகத்தான், கியரை ஏற்றாமல் இழுத்துப்பிடிப்பதும் இதற்காகத்தான்.

ரிவர்ஸ் 'டொக்'கிலும் பாதி அந்த உயர்ந்த ஐட்லிங்தான். சூடான எஞ்சின் 700-இல் சுற்றும்போது ரிவர்ஸ் போடுவதும் 1,400-இல் சுற்றும்போது போடுவதும் ஒன்றாகுமா? மீதிப் பாதியைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் ஒன்று சொல்லுங்கள், டெம்பரேச்சர் முள் எங்கே நிற்கிறது?

ஆறாம்கியர்:

நன்றி அண்ணா, கொஞ்சம் மூச்சு வந்தது. முள் நடுவுக்குக் கொஞ்சம் கீழே. முன்பு சரியாக நடுவில் நின்றதா என்று கேட்டால் சத்தியமாக ஞாபகம் இல்லை, யார் அதைப் பார்த்தார்கள்.

சும்மாஓட்டி:

எனக்கும் இப்படித்தான் இருந்தது. ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் 'பி'யிலேயே விட்டுவிட்டு அப்புறம் எடுக்கிறேன், பிரச்சினை தீர்ந்தது. இதற்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி?

சுழல்விசை:

பத்து நிமிடம் நின்ற இடத்தில் ஓடவிட்டால் எஞ்சின் ஓரளவு சூடாகும், கியர்பாக்ஸ் கிட்டத்தட்ட அப்படியே கிடக்கும். காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டோமேட்டிக் பெட்டிக்குள் வெப்பம் பெரும்பாலும் டார்க் கன்வெர்ட்டரில்தான் பிறக்கிறது. எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் பம்ப் பக்கம் ஆயிலைத் தள்ளுகிறது, எதிரே கியர்பாக்ஸோடு சேர்ந்த டர்பைன் பக்கம் அதை வாங்கிச் சுற்றுகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றினால் ஆயிலில் உரசலும் இல்லை, சூடும் இல்லை. வேக வித்தியாசம் இருந்தால்தான் சூடு. 'பி'யிலும் 'என்'னிலும் டர்பைனை யாரும் பிடித்துவைப்பதில்லை, அது பம்ப்போடு கூடவே சுற்றிக்கொண்டிருக்கும், அதனால் சூடு பிறக்க வழியில்லை. வண்டியை நகர்த்தி, நின்ற நிலையிலிருந்து இழுக்கும்போதுதான் இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் வந்து ஆயில் சூடேறும். மெதுவாக ஓட்டுவதே சூடேற்றும் வழி.

அப்படியானால் 'டி'யில் போட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே நின்றால் சூடாகுமே என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: கொஞ்சம் ஆகும், அதற்காக அப்படிச் செய்யாதீர்கள். ஆக்சிலரேட்டரையும் சேர்த்து மிதித்தால் கன்வெர்ட்டருக்குள் ஆயில் சில நொடிகளில் வெந்துபோகும், பெட்டியின் அடியில் ஆயில் தேங்கும் சம்பில் இருக்கும் மீதி சில்லென்றே இருக்கும்.

20 – 30 நொடி போதும். ஐட்லிங் 1,000-ஐ ஒட்டி இறங்கியதும் எடுங்கள், முதல் சில கிலோமீட்டர் ஆக்சிலரேட்டரை அமுக்கி ஓட்டாதீர்கள், அவ்வளவுதான்.

கூடவே ஒரு தகவல். ஐரோப்பாவில் 2000-இல் யூரோ 3 விதி வரும்வரை புகைச் சோதனையில் எஞ்சின் ஸ்டார்ட்டான முதல் 40 நொடி கணக்கில் சேராது. யூரோ 3-இலிருந்து சாவி திருப்பிய கணத்திலிருந்தே கணக்கு. அதற்கப்புறம் எஞ்சின்காரர்களும் கியர்பாக்ஸ்காரர்களும் அந்த முதல் ஒன்றிரண்டு நிமிடத்துக்காக எவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்பதைத்தான் நாம் காலையில் 'கியர் விழவில்லை' என்று திட்டிக்கொண்டிருக்கிறோம்.

சும்மாஓட்டி:

சரி சரி. ஆனால் பத்து நிமிடம் விட்டால் எனக்கு நிஜமாகவே கியர் ஒழுங்காக விழுகிறதே, அது எப்படி?

சுழல்விசை:

உங்கள் வண்டியின் கம்ப்யூட்டர் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றும் தண்ணீர்) சூட்டைப் பார்த்துத் தடையை நீக்குகிறது என்று அர்த்தம். பல வண்டிகளில் மேல் கியருக்கும் கன்வெர்ட்டர் லாக்-அப்புக்கும் (பம்ப்பையும் டர்பைனையும் ஒன்றாகப் பூட்டிவிடும் ஏற்பாடு) அனுமதி கூலன்ட் சூட்டைப் பொறுத்தது, சிலவற்றில் கியர் ஆயில் சூட்டைப் பொறுத்தது, சிலவற்றில் இரண்டையும் பொறுத்தது. கூலன்ட் சூடாகிவிட்டதால் கியர் விழுகிறது, ஆனால் உள்ளே ஆயில் இன்னும் கெட்டியாகவே இருக்கிறது.

கெட்டி என்றால் எவ்வளவு என்று கேட்டால், இப்போது வரும் மெல்லிய வகை ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) 40 டிகிரியில் சுமார் 30 சென்டிஸ்டோக்ஸ் (கெட்டித்தன்மையின் அளவு), 100 டிகிரியில் சுமார் 6. ஐந்து மடங்கு வித்தியாசம். பூஜ்யம் டிகிரிக்கு இறங்கினால் 40-இல் இருந்ததைவிட இன்னும் பல மடங்கு கெட்டி. ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வ் பாடிக்குள் இருக்கும் வழிகள் எல்லாம் குண்டூசித் தலை அளவுத் துளைகள். அதன் வழியாக இந்த ஆயில் போய் ஒரு கிளட்ச் பேக்கை (கிளட்ச் தட்டுகளின் அடுக்கு) நிரப்பி அழுத்த வேண்டும். காலையில் கியர் மாறுவது கொஞ்சம் இழுத்தாற்போல இருப்பதில் ஆச்சரியமே இல்லை.

பட்டைவண்டி:

இதே கவலையோடு நானும் ஒரு வருடம் முன்பு திரிந்தேன், என்னுடையது சி.வி.டி. அதில் கியரே இல்லை, பெல்ட்டும் புல்லியும்தான், ஆனால் காலையில் ஆர்.பி.எம். 2,000-க்குக் கீழே வரவே வராது. பெல்ட் வழுக்குகிறது, முடிந்தது கதை என்று நினைத்தேன். கடைசியில் பார்த்தால் அதுவும் இதே ஏற்பாடுதான்: எஞ்சின் சூடேறும்வரை ரேஷியோவைக் கீழே பிடித்துவைத்திருக்கிறது, லாக்-அப்பையும் போடுவதில்லை. ஐந்து நிமிடத்தில் தானாகவே 1,300-க்கு இறங்கும்.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சி.வி.டி.க்கு அதற்கென்றே உள்ள ஆயில்தான். சாதாரண ஏ.டி.எஃப். ஊற்றினால் பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவே வேண்டிய பிடிப்புக் கிடைக்காது.

பழையசாவி:

எல்லோரும் 'அது நார்மல், அது நார்மல்' என்று தட்டிக்கொடுக்கிறீர்கள், நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பேசுகிறேன். என் முந்தைய வண்டி நான்கு கியர் ஆட்டோமேட்டிக். அதிலும் காலையில் மட்டும்தான் பிரச்சினை. 'டி' போட்டால் ஒரு நொடி காத்திருக்கும். ஒரு வருடத்தில் அது இரண்டு நொடி ஆனது, அப்புறம் மூன்று. சூடேறியபின் கைக்குழந்தைபோல ஓடும், அதனால் நானும் இது நார்மல் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலையில் 'டி' போட்டேன், எண்ணினேன், பதினைந்து வரை எண்ணியும் நகரவில்லை. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தியதும் எஞ்சின் கத்திவிட்டு ஒரே இடியாக முன்னே பாய்ந்தது. நல்லவேளை, எதிரில் யாரும் இல்லை.

பிரித்தபோது கிளட்ச் தட்டுகள் பாதிக்குமேல் நன்றாகவே இருந்தன. அந்தத் தட்டுகளை அழுத்தும் பிஸ்டன்களின் ரப்பர் சீல்கள்தான் காய்ந்து கட்டையாகியிருந்தன. ஒன்றைக் கையில் எடுத்து வளைத்தேன், ரப்பர் மாதிரியே இல்லை, பழைய பிளாஸ்டிக் மூடிபோலப் 'படக்' என்று ஒடிந்தது. காலையில் சில்லென்று சுருங்கிக் கிடக்கும் அந்தச் சீல் ஓரமாகப் பிரஷர் ஓடிப்போகும், சூடேறியதும் கொஞ்சம் இளகி அடைத்துக்கொள்ளும். அதனால் காலையில் மட்டும் வருகிறது என்பதை வைத்தே நார்மல் என்று முடிவுகட்டாதீர்கள் அண்ணே.

எண்ணெய்க்கை:

பழையசாவி சொல்வது முழுக்கச் சரி, நான் மறுக்கவில்லை. அதனால்தான் 'மீதிப் பாதி அப்புறம்' என்று சொன்னேன்.

இதில் இரண்டு புகார் ஒன்றோடொன்று கலந்து கிடக்கிறது. மேல் கியர் விழாதது ஒன்று, ரிவர்ஸ் தாமதம் இன்னொன்று. முதலாவது பெரும்பாலும் கம்ப்யூட்டர் முடிவு. இரண்டாவதில் கம்ப்யூட்டருக்குப் பங்கு குறைவு, ஆயில் பிரஷர் போய்ச் சேர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதுதான் விஷயம். பழைய ஒர்க்‌ஷாப் மேனுவல்களில் இதற்கென்றே ஒரு சோதனை உண்டு: ஆயில் 50 – 80 டிகிரி சூட்டில் இருக்கும்போது 'என்'னிலிருந்து 'டி' போட்டால் 1.2 நொடிக்குள், 'என்'னிலிருந்து 'ஆர்' போட்டால் 1.5 நொடிக்குள் வண்டி பிடிக்க வேண்டும், மூன்று தரம் பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும் என்று போட்டிருப்பார்கள். கவனியுங்கள், அது சூட்டில் எடுக்கும் கணக்கு. காலையில் அதைவிடக் கொஞ்சம் கூடும், முதல் தரம் மட்டும் கூடினால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். ராத்திரி நிற்கும்போது கன்வெர்ட்டரிலிருந்து ஆயில் மெல்ல சம்புக்கு வடிந்துவிடும், முதலில் அது மறுபடி நிரம்ப வேண்டுமே.

தம்பி, நாளைக் காலையில் இரண்டு காரியம் செய்யுங்கள். போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து ரிவர்ஸ் பிடிக்கும் நேரத்தைப் பாருங்கள், உடனே 'என்' போட்டு மறுபடி ஒருதரம் பாருங்கள். அப்புறம் வண்டிக் கம்ப்யூட்டரில் செருகி எண்களைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனர் யாரிடமாவது இருந்தால் வாங்கி, கூலன்ட் சூடும் முடிந்தால் கியர் ஆயில் சூடும் எத்தனையாவது கிலோமீட்டரில் எவ்வளவு என்று குறித்துவாருங்கள். எண் இல்லாமல் பேசினால் ஊகம்தான்.

ஆறாம்கியர்:

செய்தேன். தம்பி மகனை முன்சீட்டில் உட்காரவைத்து அவன் வாசிக்க வாசிக்கப் பதிவு செய்தேன், அவனுக்கு ஒரே குஷி.

ஸ்டார்ட்: கூலன்ட் 19, கியர் ஆயில் 19. ரிவர்ஸ் முதல் தரம் 1.9 நொடி. 'என்' போட்டு மறுபடி போட்டால் 1.1 நொடி, தட்டும் குறைவு. மூன்றாவது தரமும் 1.1.

மூன்று கிலோமீட்டரில் கூலன்ட் 58, ஆயில் 31. ஐந்தாவது கிலோமீட்டரில் 66, ஆயில் 39. கூலன்ட் 70 தொட்டதும், சொல்லிவைத்தாற்போல ஐந்தாவது கியர், உடனே ஆறாவது.

இதுவரை எதிர்பார்த்ததுதான். இனிமேல்தான் வேடிக்கை. அதற்கப்புறம் ஒரு பாலத்தின் மேல் நல்ல வேகத்தில் போய் இறங்கினேன், கூலன்ட் 63-க்கு விழுந்தது. ஆமாம், ஏறவில்லை, விழுந்தது. ஆறாவது கியரும் போய்விட்டது. அடுத்த சிக்னலில் நின்றபோது 74. மறுபடி வேகம் எடுத்தால் 66. அலுவலகம் போய்ச் சேரும்வரை 80-ஐப் பார்க்கவே இல்லை. எரிந்த விளக்கு எதுவும் இல்லை, ஆனால் ஸ்கேனரில் நிலுவையில் இருக்கும் பிழைக் குறியீடு (கோட்) என்று பி0128 காட்டுகிறது.

எண்ணெய்க்கை:

தம்பி! உங்கள் கியர்பாக்ஸ் மேல் ஒரு குற்றமும் இல்லை. தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டிருக்கிறது.

நின்றால் சூடு ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது. இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். தெர்மோஸ்டாட் வேலை என்ன? எஞ்சின் 80-சொச்சம் டிகிரி வரும்வரை ரேடியேட்டர் பக்கம் தண்ணீர் போகாமல் அடைத்துவைப்பது. உங்களுடையது எப்போதும் திறந்தே கிடப்பதால், ஸ்டார்ட் செய்த நிமிடத்திலிருந்து தண்ணீர் ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது, காற்று அடித்தால் இன்னும் குளிர்கிறது. பி0128 என்பதே 'கூலன்ட் போதுமான சூட்டுக்கு வரவில்லை' என்கிற குறியீடுதான். விளக்கு எரியாததற்குக் காரணம், பெரும்பாலும் இரண்டு பயணத்தில் தொடர்ந்து பார்த்தால்தான் எரியவிடும்.

கம்ப்யூட்டர் பாவம், 'எஞ்சின் இன்னும் சூடாகவில்லை' என்று நம்பிக்கொண்டு தன் கடமையைச் செய்கிறது: கியரைப் பிடித்துவைக்கிறது, லாக்-அப்பை மறுக்கிறது, பெட்ரோலும் கொஞ்சம் அதிகம் விடுகிறது. மைலேஜ் போனதும் அங்கேதான். கியர் ஆயிலைச் சூடாக்கக் கூலன்ட்டோடு ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்திருப்பார்கள், கூலன்ட்டே குளிர்ந்து கிடந்தால் அது எங்கே சூடாக்கும்.

பழையசாவி:

இதை நான் எதிர்பார்க்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1.9 நொடி இன்னும் எனக்கு உறுத்துகிறது.

சுழல்விசை:

எனக்கும்தான், ஆனால் இரண்டாவது தரம் 1.1-க்கு வந்தது நல்ல அடையாளம். சீல் காய்ந்திருந்தால் அதே குளிரில் இரண்டாவது தரமும் மூன்றாவது தரமும் தாமதம் ஆகும், ஆயில் சூடேறினால்தான் குறையும். இவருக்கு ஆயில் இன்னும் 19 டிகிரியில் இருக்கும்போதே சரியாகிவிட்டது. இது வடிந்துபோன ஆயில் நிரம்பும் நேரம், இல்லாவிட்டால் ஆயில் அளவே குறைவு. அளவு பார்த்தீர்களா?

ஆறாம்கியர்:

அளவு பார்க்கும் குச்சியே இல்லையே. எஞ்சின் ஆயிலுக்கு இருக்கிறது, கியர்பாக்ஸுக்குத் தேடித்தேடிப் பார்த்தேன்.

எண்ணெய்க்கை:

இப்போது வரும் பல பெட்டிகளில் குச்சி கிடையாது. அடியில் ஒரு வழிவு பிளக் இருக்கும். வண்டியைச் சமமாகத் தூக்கி, எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு கியரிலும் சில நொடி வைத்து எடுத்து, ஆயில் மேனுவலில் சொன்ன சூட்டுக்கு வந்ததும் அந்தப் பிளக்கைக் கழற்ற வேண்டும். அந்தச் சூடு 30 – 50 டிகிரிக்குள் ஏதோ ஒரு சின்ன இடைவெளியாக இருக்கும், உங்கள் வண்டிக்கு எது என்று மேனுவலைப் பாருங்கள். மெல்லிய நூலாக ஆயில் வழிந்தால் அளவு சரி. ஒன்றும் வரவில்லையென்றால் குறைவு. கொட்டினால் அதிகம்.

சூடு முக்கியம் என்று நான் கத்துவதற்குக் காரணம் உண்டு. ஆயில் சூட்டில் விரியும். 20 டிகிரியில் திறந்து 'குறைவு' என்று ஊற்றினால் சூடேறியதும் அதிகமாகி நுரைக்கும், நுரைத்த ஆயிலால் பிரஷர் கொடுக்க முடியாது. 80-இல் திறந்தால் நல்ல ஆயிலெல்லாம் வழிந்துபோய்க் குறைந்துவிடும், அடுத்த நாள் காலையில் ரிவர்ஸ் பிடிக்காது. ஆயில் மாற்றியபின் கியர் கெட்டுவிட்டது என்று வரும் வண்டிகளில் பாதி இப்படி அளவு பிசகியவைதான்.

மூன்றுபெடல்:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். என்னுடையது ஏ.எம்.டி. காலையில் டிரைவர் கதவைத் திறந்தாலே உள்ளே 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு மோட்டார் சத்தம். அதுவும் இந்தச் சூடு, குளிர் விவகாரமா?

சுழல்விசை:

இல்லை, அது வேறு ஜாதி. ஏ.எம்.டி. என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்ச் மிதிப்பதையும் கியர் தள்ளுவதையும் ஒரு ஹைட்ராலிக் யூனிட் செய்கிறது. கதவு திறந்ததும் அந்த யூனிட்டின் பம்ப் பிரஷர் ஏற்றித் தயாராகிறது, அந்தச் சத்தம்தான். டார்க் கன்வெர்ட்டர் கிடையாது, லாக்-அப் கிடையாது. இரட்டை கிளட்ச் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: உலர் கிளட்ச் வகையில் ஈரமான ராத்திரிக்கு அப்புறம் காலையில் முதல் சில தடவை நகரும்போது நடுக்கம் வந்து போகும், தட்டின் மேல் படிந்த ஈரம்தான். நாள் முழுக்க நடுங்கினால் போய்க் காட்டுங்கள்.

சும்மாஓட்டி:

ஒரு சந்தேகம். லாக்-அப் லாக்-அப் என்கிறீர்கள், அது விழுந்ததா இல்லையா என்று ஓட்டுபவனுக்கு எப்படித் தெரியும்?

எண்ணெய்க்கை:

எளிது. வாகனம் இல்லாத நேரான சாலை, சூடேறிய வண்டி, 70 கி.மீ. சீரான வேகம். ஆக்சிலரேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு இடது காலால் பிரேக் பெடலை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள், அழுத்த வேண்டாம். லாக்-அப் போட்டிருந்தால் அந்தக் கணமே விடுபடும், முள் 200, 300 மேலே துள்ளும். காலை எடுத்தால் இரண்டு நொடியில் பழையபடி இறங்கி உட்காரும். துள்ளவே இல்லையென்றால் லாக்-அப் முன்பே இல்லை. பின்னால் வண்டி வரும்போது இதைச் செய்து திட்டு வாங்காதீர்கள்.

பட்டைவண்டி:

கூடவே ஆயிலையே மாற்றிவிடலாமா? 'ஆயுள் முழுக்க மாற்றத் தேவையில்லை' என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதே.

சுழல்விசை:

யாருடைய ஆயுள் என்று போடவில்லை பார்த்தீர்களா. கியர்பாக்ஸ் செய்யும் இசட்.எஃப். நிறுவனமே தன் பெட்டிகளுக்கு 80,000 – 1,20,000 கி.மீ. அல்லது எட்டு வருடம், இதில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றச் சொல்கிறது. வண்டிக்காரர்கள்தான் 'லைஃப்டைம்' என்கிறார்கள். எந்த ஆயில் என்பதில் மட்டும் விளையாடாதீர்கள், புத்தகத்தில் சொன்ன தரம்தான். கெட்டி ஆயில் போட்டால் 'ஸ்மூத்'தாக இருக்கும் என்று சிலர் சொல்வார்கள், காலையில் அது செய்யும் கூத்தை அவர்கள் வந்து பார்க்க மாட்டார்கள்.

ஏ.டி.எஃப். பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. கிளட்ச் தட்டுகள் அதிராமல் மென்மையாகப் பிடிக்க அந்தக் காலத்தில் இந்த ஆயிலில் திமிங்கில எண்ணெய் கலந்தார்கள். ஆமாம், நிஜத் திமிங்கிலம். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா தடை போட்டபிறகுதான் வேறு ரசாயனங்களைத் தேடி ஓடினார்கள். தொடர்பில்லாத தகவல்தான், ஆனால் கையில் வைத்துக்கொண்டு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆறாம்கியர்:

தாமதத்துக்கு மன்னிக்கவும், பத்து நாள் ஆகிவிட்டது. வேறொரு மெக்கானிக்கிடம் கொடுத்து தெர்மோஸ்டாட் மாற்றினேன். ஒரு மணி நேர வேலை. பழையதை வாங்கிவந்து பார்த்தேன்: கையில் சில்லென்று இருக்கும்போதே வால்வு விரலளவு திறந்து நிற்கிறது, எப்போதோ யாரோ தாராளமாகப் பூசிய சிலிக்கான் பசையில் ஒரு துண்டு பிய்ந்து வந்து நடுவில் செருகிக்கொண்டிருக்கிறது. அதை நகத்தால் எடுத்ததும் 'டக்' என்று மூடிக்கொண்டது! இவ்வளவு நாள் இந்தத் துண்டுக்காகத்தான் கியர்பாக்ஸைப் பிரிக்கப் பார்த்தேன்.

இப்போது காலையில் ஸ்டார்ட் 18 டிகிரி, இரண்டு கிலோமீட்டரில் 71, அப்போதே ஆறாவது கியர். நான்காவது கிலோமீட்டரில் 86, அதே பாலத்தில் இறங்கினாலும் 85-க்குக் கீழே போகவில்லை. டெம்பரேச்சர் முள் சரியாக நடுவில் நிற்கிறது, இனிமேல் அதை மறக்க மாட்டேன். இடது கால் சோதனையும் செய்தேன், முள் 250 துள்ளியது.

கியர் ஆயில் அளவும் பார்க்கச் சொன்னேன். மேனுவலில் சொன்ன 40 டிகிரியில் பிளக்கைத் திறந்தால் ஒரு சொட்டு வரவில்லை. 600 மில்லி ஊற்றியபின்தான் நூலாக வழிந்தது. ஆயில் கூலருக்குப் போகும் ஹோஸ் கிளிப் ஓரத்தில் ஈரமும் தூசியுமாக ஒரு திட்டு, அங்கேதான் கசிந்திருக்கிறது. கிளிப் மாற்றியாயிற்று.

பழையசாவி:

ரிவர்ஸ்?

ஆறாம்கியர்:

முதல் தரம் 1.3, இரண்டாம் தரம் 1.0. தட்டு இருக்கிறது, ஆனால் ஐட்லிங் இறங்கும்வரை அரை நிமிடம் காத்திருந்து போட்டால் தெரிவதில்லை. இரண்டு நாள் நிறுத்திவைத்து எடுத்தபோது மட்டும் 1.6.

பழையசாவி:

மாதம் ஒருமுறை குறித்துவையுங்கள். 1.6 இரண்டைத் தாண்டினால் இங்கே வந்து சொல்லுங்கள், நான் ஒடித்த அந்தச் சீலை இன்னும் மேசை டிராயரில் வைத்திருக்கிறேன், படம் போடுகிறேன்.